உலைக்கு முன்னால் ஒரு பெஞ்சு

அன்புள்ள தம்பிக்கு,

உங்களைத் தம்பி என்று அழைக்கும் வயது எனக்கு உண்டு. கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மஞ்சக்குப்பத்தில் வீடு. மகளின் பிரசவத்துக்காகப் போன ஆண்டு அமெரிக்காவில் சியாட்டில் நகருக்குப் போய் ஐந்து மாதம் இருந்தேன். பேரனுக்கு மூன்று மாதம் ஆனதும், “அத்தை, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறீர்களே” என்று மாப்பிள்ளை சனிக்கிழமைகளில் வெளியே அழைத்துப் போக ஆரம்பித்தார். அந்த ஊரில் கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் அடுத்தபடியாக நான் அதிகம் பார்த்தது கண்ணாடிதான்.

முதலில் டேல் சிஹூலி என்ற கண்ணாடிக் கலைஞரின் காட்சிக்கூடம். ஸ்பேஸ் நீடில் என்ற உயரமான கோபுரத்தின் காலடியிலேயே இருக்கிறது. பெரிய கண்ணாடிக் கூடத்தின் உச்சியில் நூறடி நீளத்துக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கண்ணாடிப் பூக்கள் கொடிபோலப் படர்ந்து தொங்குகின்றன. இருட்டறை ஒன்றில் பழைய மரப்படகு நிறையக் கண்ணாடி உருண்டைகள். தேவனாம்பட்டினத்தில் வலைகளோடு மிதவைகளைக் குவித்து வைத்திருப்பார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. அடுத்த வாரம் டகோமா என்ற பக்கத்து ஊருக்குப் போனோம். அங்கே கண்ணாடி அருங்காட்சியகத்துக்குள்ளேயே பெரிய உலை. எதிரே தியேட்டர்போலப் படிப்படியாக இருக்கைகள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பேரன் மாப்பிள்ளையின் தோளில் தூங்கிப்போனான்.

ஊர் திரும்பிய பிறகும் மூன்று விஷயங்கள் மனத்தை அரிக்கின்றன.

சிஹூலி தன் கையால் கண்ணாடி ஊதி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறதாம். விபத்தில் ஒரு கண் போயிற்று, பிறகு தோளும் கெட்டது, இப்போது வரைந்து கொடுக்கிறார், மற்றவர்கள் செய்கிறார்கள் என்றார் மாப்பிள்ளை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒருவன் எழுதிய பரீட்சைத் தாளில் இன்னொருவன் தன் பதிவெண்ணைப் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது.

அடுத்தது, அழகாக இருந்ததை மறுக்கவில்லை. ஆனால் கல்யாண மண்டபத்துச் சரவிளக்கும் அழகுதானே? இதைக் கலை என்பதா, அலங்காரம் என்பதா?

கடைசிக் கேள்விதான் தூங்கவிடாதது. அமெரிக்கர்கள் இந்தக் கண்ணாடிக் கலையை ஆரம்பித்து அறுபது சொச்சம் ஆண்டுதான் ஆகிறது. பழைய துறைமுகமான அரிக்கமேடு என் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து கண்ணாடி மணி அனுப்பியவர்கள் நாம். அப்படியிருக்கக் கண்ணாடிக்கென்று பெயர் சொல்ல இன்று நம்மிடம் ஒரு தெருகூட இல்லையே, ஏன்? புதுச்சேரியைப் பற்றி நிறைய எழுதுகிறீர்கள். சொல்லுங்கள்.

டகோமாவில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கண்ணாடி உருண்டை வாங்கிவந்தேன். இளநீலம். நடுவில் ஒரே ஒரு காற்றுக் குமிழி. அது தவறி விழுந்ததா, வேண்டுமென்றே வைத்ததா என்பதும் தெரியவில்லை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்

*

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காட்சிக்கூடத்தைப் பற்றிப் பூ, கொடி, படகு, மிதவை என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். டகோமா உலையைப் பற்றி மட்டும் ‘ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன்’ என்று ஒரே வரி. கைக்குழந்தையோடு போன இடத்தில் ஒரு மணி நேரம் உங்களை நகரவிடாமல் பிடித்து வைத்தது எது? நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் வந்து இறங்கும்போது கூட்டத்துக்குள் ஜவ்வு மிட்டாய்க்காரர் ஒருவர் வருவார். நீங்கள் தேவனாம்பட்டினத்தில் பார்த்திருப்பீர்கள். மூங்கில் கழியின் உச்சியில் கைதட்டும் பொம்மை, அதற்குக் கீழே ரோஜா நிறத்தில் மிட்டாய்த் திரள். ஒரு கிள்ளு இழுப்பார், முறுக்குவார், மடிப்பார். எண்ணிப் பத்து முடிவதற்குள் குழந்தையின் மணிக்கட்டில் கடிகாரம் கட்டியிருக்கும். சின்ன வயதிலிருந்தே நான் கடிகாரத்தைவிட அவர் விரல்களைத்தான் பார்ப்பேன். திரள் இளகியிருக்கும் நேரத்துக்குள் விரல் வேலையை முடித்தாக வேண்டும். கொஞ்சம் முந்தினால் வழியும், கொஞ்சம் பிந்தினால் ஒடியும்.

கண்ணாடி வேலையும் இதேதான். கண்ணாடிக்கு உருகுநிலை என்று ஒரு புள்ளி கிடையாது என்று நீங்களே வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். பனிக்கட்டிபோல ஒரே வெப்பநிலையில் அது நீராகிவிடாது. மணலும் சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்து உருகிய அந்தக் குழம்பு, தேனாக இருந்து பாகாகி, பாகிலிருந்து ஜவ்வாகி, மெல்ல மெல்ல இறுகும். அதிரசத்துக்கு ஒரு பதம், பொரி உருண்டைக்கு ஒரு பதம் என்று நம் அம்மாக்கள் கரண்டியைத் தூக்கிப் பார்த்தே சொல்வார்களே, அந்தக் கண்தான் கண்ணாடிக்காரருக்கும் வேண்டும். சூட்டில்தான் ஆயிரம் டிகிரி வித்தியாசம்.

டகோமாவில் நடுவே உட்கார்ந்திருந்த மேஸ்திரியை நினைவுபடுத்திப் பாருங்கள். அவர் பெஞ்சின் இரு பக்கமும் நீண்ட சட்டங்கள். அவற்றின்மேல் இரும்புக் குழலை இடது உள்ளங்கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருப்பார். உருட்டுவதை நிறுத்தினால் முனையில் இருக்கும் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். வலது கையில், எட்டாக மடித்துத் தண்ணீரில் ஊறவைத்த செய்தித்தாள். கனன்றுகொண்டிருக்கும் கண்ணாடியை அந்தத் தாளில் ஏந்தித்தான் வடிவம் கொடுப்பார். ஆவி சீறும், தாளின் ஓரம் கருகும். உள்ளங்கைக்கும் அந்த அனலுக்கும் நடுவே அந்த ஈரம் மட்டும்தான். குழலின் மறுமுனையில் ஒருவர் குந்தியிருந்து, மேஸ்திரி சொல்லும்போது, சொன்ன அளவுக்கு ஊதுவார். இன்னொருவர் மரப்பலகையைப் பிடித்து மேஸ்திரியின் கையில் அனல் அடிக்காமல் மறைப்பார். உலைக் கதவைத் திறந்து மூட ஒருவர். வண்ணக் கண்ணாடியைச் சுடவைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருப்பவர் ஒருவர். பேச்சு அதிகம் இருக்காது. நாதஸ்வரக்காரர் எங்கே மூச்சு வாங்குவார் என்பது தவில்காரருக்குத் தெரிந்திருப்பதுபோல அவர்களுக்குள் எல்லாம் தெரியும்.

அந்த இடத்தில் ஊதுகிறவர் உதவியாளர் என்பதைக் கவனித்தீர்களா? பெரிய உருப்படிகளில் மூச்சு ஒருவருடையது, கை இன்னொருவருடையது, கண் மூன்றாமவருடையது. சிஹூலி 1968இல் இத்தாலிக்குப் போய் முரானோத் தீவில் வெனினி கண்ணாடித் தொழிற்கூடத்தில் இருந்தபோது கற்றுக்கொண்ட பெரிய பாடம் இந்தக் கூட்டு வேலைதான். 1976இல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் இடது கண்ணின் பார்வை போனது. 1979இல் கடலில் அலைச் சறுக்கு விளையாடும்போது தோள் பிசகியது. அதற்குப் பிறகுதான் குழலை வைத்துவிட்டுப் பெஞ்சைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். சுவாமிமலைக்குப் போனால் மெழுகில் உரு பிடிப்பவர், மண் பூசுபவர், உலோகம் வார்ப்பவர், உளியால் கண் திறப்பவர் என்று ஒரே பட்டறையில் பல கைகளைப் பார்க்கலாம். பிறகு நாம் சொல்வது ஸ்தபதியின் பெயரை. அதை நாம் பரீட்சை மோசடி என்று நினைப்பதில்லை அல்லவா?

ஆனாலும் உங்கள் மனத்தாங்கலில் ஒரு நியாயம் இருக்கிறது, டீச்சர். அந்தக் கூடத்தின் வாசலில் இருப்பது ஒரே பெயர். மரப்பலகை பிடித்தவருக்கும் ஊதியவருக்கும் அதில் இடமில்லை. கைகள் பலவாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பெயர் ஒன்றாக இருப்பதில் இருக்கிறது. நம் கோயில் சிற்பங்களுக்கும் இதே குறையைத்தான் சொல்வேன்.

கலையா அலங்காரமா என்ற கேள்வியில் நான் நீண்ட நேரம் நிற்க விரும்பவில்லை. சிஹூலியின் சில வேலைகள் எனக்கும் சரவிளக்காகத்தான் தெரிகின்றன. ஆனால் அந்த ஊரின் கண்ணாடி அவரோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்த முறை போனால் பிரஸ்டன் சிங்கிள்டரியின் படைப்புகள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சியாட்டிலில் வளர்ந்தவர், அலாஸ்காவின் கடலோரப் பழங்குடிகளான டிலிங்கிட் மக்களின் வழிவந்தவர். அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக மரத்தில் செதுக்கிய குலச் சின்னங்களை அவர் கண்ணாடியில் கொண்டுவந்தார். 2018இல் அதே டகோமா அருங்காட்சியகத்தில் அவர் ஒரு கதையைக் கண்காட்சியாக வைத்தார். உலகம் இருட்டாக இருந்த காலத்தில் ஒரு செல்வர் நட்சத்திரங்களையும் நிலவையும் பகலையும் பெட்டிகளில் பூட்டி வைத்திருந்தார், அண்டங்காக்கை தந்திரமாக அந்த வீட்டுக்குள் புகுந்து அவற்றை விடுவித்தது என்பது அந்த மக்களின் கதை. மரத்தில் செதுக்கினால் வெளிச்சம் கதையில் மட்டும்தான் இருக்கும். கண்ணாடியில் செய்யும்போது பெட்டிக்குள் அடைபட்ட வெளிச்சம் கண்ணெதிரே நிற்கிறது. அந்தக் கதைக்குக் கண்ணாடியைத் தவிர வேறு பொருள் பொருந்தாது என்று தோன்றிவிடுகிறது. எனக்குக் கலை என்றால் அதுதான்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு வருகிறேன்.

சியாட்டிலும் டகோமாவும் கண்ணாடி ஊர்கள் ஆனது சிஹூலி என்ற ஒரு மனிதரால் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம். அடைத்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்ததுதான் முழுக் காரணம் என்று நினைக்கிறேன். 1291இல் வெனிஸ் குடியரசு தன் கண்ணாடி உலைகளையெல்லாம் முரானோத் தீவுக்கு மாற்றியது. நகரம் தீப்பிடிக்கக் கூடாது என்பது ஒரு காரணம். ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதும் பின்னால் சேர்ந்துகொண்டது. கைதேர்ந்தவர்கள் தீவை விட்டு வெளியூர் போய்த் தொழில் செய்யத் தடை இருந்தது. அமெரிக்காவிலும் 1960 வரை கண்ணாடி என்றால் தொழிற்சாலைதான். தனி ஒருவர் தன் பட்டறையில் உலை வைத்து ஊத முடியும் என்று யாரும் நம்பவில்லை.

1962 மார்ச்சில் ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ கலை அருங்காட்சியக வளாகத்தில் ஒரு கார் கொட்டகையில் ஹார்வி லிட்டில்டன் என்ற மட்பாண்டக் கலைஞர் சின்ன உலை ஒன்றைக் கட்டினார். இவருடைய குடும்பக் கதை உங்களுக்குப் பிடிக்கும். நீங்கள் ஆய்வகத்தில் வாழ்நாளெல்லாம் கையாண்ட பைரெக்ஸ் வகைக் கண்ணாடியின் தொடக்கத்தில் இவருடைய அப்பா ஜெஸ்ஸி லிட்டில்டன் இருக்கிறார். கார்னிங் நிறுவனத்தில் இயற்பியலாளராக இருந்த அவர், அறுத்தெடுத்த பேட்டரி ஜாடியின் அடிப்பாகத்தை வீட்டுக்குக் கொண்டுவர, அவர் மனைவி அதில் கேக் சுட்டுப் பார்த்தார். கண்ணாடி வெடிக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை கட்டிய உலையில் முதலில் போட்ட கலவை சரியாக உருகவில்லை. டொமினிக் லபினோ என்ற தொழில்நுட்பர், கண்ணாடி இழை செய்யப் பயன்படும் கோலிக்குண்டுகளைக் கொடுத்து உருக்கச் சொன்னார். அவை உருகின. ஆனால் கூடியிருந்தவர்களில் ஒருவருக்கும் ஊதத் தெரியவில்லை. அப்போது ஹார்வி லீஃப்கிரீன் என்பவர் வந்து குழலை வாங்கினார். லிபி கண்ணாடித் தொழிற்சாலையில் ஊதியே காலம் கழித்து ஓய்வு பெற்ற தொழிலாளி. அவர் ஊதிக் காட்டினார். பேராசிரியர்களும் கலைஞர்களும் சுற்றி நின்று கற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கொட்டகையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இன்று உலகமெங்கும் பேசப்படும் கண்ணாடிக் கலை இயக்கம் ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளியின் உதட்டிலிருந்தும் புறப்பட்டிருக்கிறது.

1971இல் சியாட்டிலுக்கு வடக்கே காட்டுக்குள் சிஹூலியும் ஹாபெர்க் தம்பதியும் பில்சக் கண்ணாடிப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1978இல் முரானோவிலிருந்து செக்கோ ஓங்காரோ அங்கே வந்து சொல்லிக்கொடுத்தார். மறு ஆண்டு அவருடைய மைத்துனர் லீனோ தால்யாபியெத்ரா வந்தார். முரானோவில் 21 வயதிலேயே மேஸ்திரி ஆனவர். பரம்பரை பரம்பரையாகக் காத்த வித்தையைக் கடல் கடந்து போய்க் கொடுக்கிறாரே என்று ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் கொடுத்தார். ஆண்டுக்கு ஆண்டு வந்து கொடுத்தார். 1994இல் டகோமாவின் ஹில்டாப் பகுதியில், தெருச் சண்டைகளுக்குப் பெயர்போன காலத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் கண்ணாடி வேலை கற்றுத்தரும் அமைப்பு தொடங்கியது. நீங்கள் உட்கார்ந்து பார்த்த இருக்கைகள் வந்தது 2002இல். அந்த அருங்காட்சியகத்தின் சாய்ந்த உலோகக் கூம்பைப் பார்த்திருப்பீர்கள். 90 அடி உயரம். அந்தப் பக்கத்து மர ஆலைகளில் மரத்தூள் எரிக்க ஒரு காலத்தில் நின்ற கூம்புகளின் சாயலில்தான் அதைக் கட்டினார்கள். ஊரின் பழைய தொழிலை மறைக்கவில்லை.

இதற்கெல்லாம் அடியில் சாதாரணமான ஒரு காரணம் இருக்கிறது. கண்ணாடி உலையை மாலையில் அணைத்துவிட்டுக் காலையில் மூட்ட முடியாது. ஆற விட்டால் உள்ளே கண்ணாடி உருகும் கலமான மூசை விரிசல் விடும், மறுபடி சூடேற்ற நாள்கணக்காகும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவு பகலாக எரிபொருள் தின்னும். தனி ஆளால் தாங்க முடியாது. சியாட்டிலில் உலை வைத்திருப்பவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். இன்று எனக்கு நீங்கள் பலகை பிடியுங்கள், நாளை உங்களுக்கு நான் ஊதுகிறேன் என்று வேலை நடக்கிறது. ஓவியர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாழ்ந்துவிடலாம். கண்ணாடிக்காரருக்கு ஊர் வேண்டும்.

புதுச்சேரியில் கண்ணாடி இல்லாமல் இல்லை. ரயில் நிலையத்துக்கு அருகே, 1907இல் கட்டி முடித்த இருதய ஆண்டவர் பேராலயத்தில் 28 புனிதர்களின் வண்ணக் கண்ணாடி உருவங்கள் இருக்கின்றன. வெயில் ஏறும்போது தரையில் நீலமும் சிவப்பும் நகர்வதைப் பார்க்கவே நான் போவதுண்டு. ஆரோவில் மாத்ரி மந்திரின் உள்ளறையில் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள படிகக் கண்ணாடிக் கோளம் இருக்கிறது, ஜெர்மனியில் செய்தது. பழைய சாமான் கடைகளில் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்கள் இன்னும் கண்ணில் படுகின்றன. கண்ணாடியின் பின்பக்கம் வரைவதால் கிருஷ்ணனின் கண்மணியையும் நகையின் கல்லையும் முதலில் தீட்டி, முகத்தைப் பிறகு பூசி, பின்னணியைக் கடைசியில் வைக்க வேண்டும். பிசகினால் திருத்த வழியில்லை. இவையெல்லாம் அருமையானவை. ஆனால் எல்லாம் ஆறிய பிறகு நம் கைக்கு வந்த கண்ணாடி. உருகிய கண்ணாடியை நாம் பார்ப்பதே இல்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்தேன். புதுச்சேரிக்கு வடக்கே ஒரு கிராமத்தில் சிறிய மணிப் பட்டறை. மேசைமேல் எரிவாயுச் சுடர். பென்சில் பருமனில் கண்ணாடிக் கம்பி. களிமண் குழம்பில் தோய்த்துக் காயவைத்த எஃகுக் கம்பியின்மேல் உருகும் கண்ணாடியைச் சுற்ற வேண்டும். சூட்டில் நீலமும் பச்சையும் சிவப்பும் ஒரே தழல் நிறம். எந்தக் கம்பியை எடுத்தோம் என்று நினைவில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். முதல் நாள் முழுவதும் என் மணிகள் கோணல். இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிகள் உருண்டையாக வந்தன. ஏறக்குறைய 500 டிகிரியில் இருந்த ஆற்றும் உலையில் அவற்றை வைத்தோம். இரவெல்லாம் படிப்படியாகச் சூடு இறங்க வேண்டும். நள்ளிரவுக்கு மேல் மின்சாரம் போய்விட்டது. சின்ன உலை, சூடு நிற்கவில்லை. காலையில் திறந்தபோது மூன்று மணிகளில் விரிசல், ஒன்று சரிபாதியாகப் பிளந்து கிடந்தது.

அங்கே சொல்லிக்கொடுத்த பெண் பக்கத்து ஊர்க்காரர், நன்றாகப் போனால் இருபத்தைந்து வயது இருக்கும். மிஞ்சிய ஐந்தாவது மணியை எடுத்துக்கொண்டு தன் மடிக்கணினியைத் திறந்தார். வெள்ளைத் திரைக்கு முன்னால் மணியைப் பிடித்து, போலராய்டு குளிர்கண்ணாடி ஒன்றை என்னிடம் கொடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொன்னார். ஒரு கோணத்தில் திரை இருண்டது. இருட்டின் நடுவே மணிக்குள் மட்டும் வெளிச்சத் திட்டுகள், துளையைச் சுற்றி வானவில் கோடு. “உள்ளே இழுபறி இன்னும் இருக்கிறது அண்ணா, இன்று உடையவில்லை என்றால் அடுத்த மாதம் உடையும்” என்றார். உள்ளே நின்றுபோன தகைவைத்தான் அவர் அப்படிச் சொன்னார். பாடநூல் சொல்லைவிட அவருடைய சொல் எனக்குப் பிடித்தது. மூன்று வாரத்தில் உடைந்தது.

அந்த உடைந்த மணிக்குப் பிறகுதான் அரிக்கமேட்டு மணிகளை நான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கடுகு முதல் மிளகு வரையான அளவு. மழைக்குப் பிறகு அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மேலே வந்துவிடும் அந்த மணிகளைக் கிராமத்துப் பிள்ளைகள் பொறுக்கிக் கொடுத்துத்தான் பேராசிரியர் ழூவோ துப்ரேய் கவனம் அங்கே திரும்பியது. 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டினார், பிறகு கஸால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. மணிகளோடு கண்ணாடிக் குழாய்த் துண்டுகளும் கழிவுகளும் கிடைத்ததால்தான் மணிகள் அங்கேயே செய்யப்பட்டவை என்று உறுதியாயிற்று. இந்த வகை மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தவர் மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா வரை இவ்வகை மணிகள் கிடைக்கின்றன. அந்தச் செங்கல் சிவப்பு செம்பினால் வருவது. உலைக்குள் காற்று புகாமல் காத்தால்தான் அந்தச் சிவப்பு கிடைக்கும், விட்டால் பச்சையாகிவிடும். ஒடுக்கம், ஆக்சிஜனேற்றம் என்று கரும்பலகையில் நீங்கள் எழுதியதை அவர்கள் புகையைப் பார்த்தே செய்திருக்கிறார்கள்.

‘கடல் கடந்து அனுப்பியவர்கள் நாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘நாம்’ என்ற சொல்லை வாயெடுத்துச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது, டீச்சர். பீட்டர் பிரான்சிஸ் அரிக்கமேட்டு முறை எப்படி இருந்திருக்கும் என்று தேடிப் போனபோது, ஆந்திராவில் திருப்பதிக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் அதே வகை வேலை உயிரோடு இருந்தது. லடா என்ற நீண்ட இரும்புக் குழலின் முனையில் பெரிய கண்ணாடித் திரளை எடுத்து, நடுவில் பொள்ளலாகக் கூம்பு ஆக்கி, உலைக்குள் வைப்பார்கள். உலையின் மறுபக்கத் துளை வழியாக ஒருவர் கொக்கியால் அதன் நுனியைப் பிடித்து இழுப்பார். அறுந்துவிடாமல், தடிக்காமல், மணிக்கணக்காக இழுப்பார். துளையுள்ள குழாய் நூல்போல வந்துகொண்டே இருக்கும். அதைப் பொடித் துண்டுகளாக நறுக்கிச் சாம்பலோடு கலந்து சூடாக்கிக் கிளறினால் முனைகள் மழுங்கி மணியாகும். திருமலைக்கு வருடம் தவறாமல் போகிற நம்மில் எத்தனை பேர் அந்த ஊரின் பெயரைக் கேட்டிருக்கிறோம்? அரிக்கமேட்டுப் பெருமை நமக்கு வேண்டும். அந்தக் கொக்கியைப் பிடித்த கைக்கு இன்று என்ன கூலி என்று கேட்கத் தோன்றுவதில்லை. டொலீடோவில் ஒரு தொழிலாளியின் கையில் குழலைக் கொடுத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். நாம் மணியை அலமாரியில் வைத்துவிட்டு, இழுக்கத் தெரிந்தவரை அழைக்காமல் விட்டுவிட்டோம். உங்கள் ‘ஏன்’ என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

முதலியார்பேட்டைப் பக்கம் மூடிக்கிடக்கும் பஞ்சாலைக் கொட்டகைகளைக் கடக்கும்போதெல்லாம் டகோமாவின் கூம்பு நினைவுக்கு வருகிறது. அந்த உயரமான கூரைக்குக் கீழே ஒரே ஓர் உலை போதும். அருகில் ஆற்றும் உலை, அதற்கு மின்வெட்டைத் தாங்கும் ஜெனரேட்டர். பாப்பாநாயுடுபேட்டையிலிருந்து இருவர், சம்பளத்தோடு. பல்கலைக்கழக ஆய்வகங்களுக்குக் கண்ணாடிக் கருவி ஊதிக் கொடுத்து ஓய்வு பெற்றவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர். எதிரே நீளமாக ஒரு பெஞ்சு, டிக்கெட் இல்லாமல். பள்ளி விட்டதும் பிள்ளைகள் பையோடு வந்து உட்காரட்டும். டகோமாவில் குழந்தைகள் வரைந்து தரும் பூதத்தையும் பறவையையும் உலைக்காரர்கள் அப்படியே கண்ணாடியில் செய்து காட்டுகிறார்கள். அரியாங்குப்பத்துப் பிள்ளை வரைந்தால் என்ன வரைவாள் என்று எனக்குப் பார்க்க வேண்டும். இதை நான் வெறும் ஆசையாகச் சொல்லவில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து இதற்கான மனு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறோம். உலையின் வேதியியலைத் தமிழில் தெளிவாக எழுத ஓர் ஆள் தேவைப்படுகிறது. உங்களைத்தான் கேட்கிறேன்.

உங்கள் நீல உருண்டையைப் பற்றி. சரியாக உருகாத கண்ணாடியில் தவறி நிற்கும் குமிழிகள் ஊசிமுனை அளவில் கூட்டமாக இருக்கும். ஒரே குமிழி, பெரிதாக, நடுவில் என்றால் அது வைத்த குமிழி. இளகிய கண்ணாடியின் தலையில் ஊசியால் ஒரு குழி குத்தி, உடனே உலையில் தோய்த்து மேலே இன்னொரு சுற்றுக் கண்ணாடி எடுப்பார்கள். குழிக்குள் இருந்த காற்று சிக்கிக்கொண்டு உருண்டையாகிவிடும். குமிழி நேர் நடுவில் இருந்தால் குழலைச் சுழற்றியவர் கை நின்ற கை. ஒரு பக்கம் சாய்ந்து கண்ணீர்த் துளிபோல இருந்தால் பழகிக்கொண்டிருந்த ஒருவர் செய்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? கடலூர் பஸ்ஸில் ஏறினால் அரியாங்குப்பத்தில் இறங்கிக்கொள்ளுங்கள், நான் வண்டியோடு நிற்கிறேன். முதலில் ஆற்றங்கரை, பிறகு அருங்காட்சியகம். உருண்டையை மறக்காமல் எடுத்துவாருங்கள். மடிக்கணினியும் அந்தக் குளிர்கண்ணாடியும் என்னிடம் இருக்கின்றன.

அன்புடன்.